பழைய காடியை இரும்புக்குப் போடும் முன்: கெரான், ஜேபிஜே, கையில் இருக்கவேண்டிய தாள்கள்

பினாங்கு ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி ஒன்றில் குடியிருக்கும் ஒரு தங்கையின் கேள்வி இது. அப்பாவின் பழைய புரோட்டோன் இஸ்வாரா பல வருஷமாகக் கீழே பார்க்கிங்கில் நிற்கிறது. அப்பா காலமாகிவிட்டார். நாலு டயரும் தரையோடு படிந்துபோய், ரோட்டெக்ஸ் என்னும் சாலை வரி எப்போதோ முடிந்துவிட்டது. போன வாரம் மாநகர் மன்றத்தார் கண்ணாடியில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். மறுநாளே பழைய இரும்பு எடுக்கும் ஒருவர் லாரியோடு வந்து, "கெரானும் ஐசி காப்பியும் குடுங்க, இப்பவே காசு தரேன், மத்தத நான் பாத்துக்கறேன்" என்றிருக்கிறார். (கெரான் என்பது காரின் உரிமைப் பதிவுத் தாள், ஐசி என்பது அடையாள அட்டை.) கொடுக்கலாமா, வேறு என்ன தாள் வேண்டும், நாங்கள் எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கிறார்.

தங்கச்சி, இன்றைக்குக் கெரானைக் கொடுக்காதீர்கள். அந்த மனிதர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் "மத்தத நான் பாத்துக்கறேன்" என்று அவர் சொல்லும் அந்த "மத்தது"தான் முழு விஷயமும். அதை இன்னொருவர் வாய்வார்த்தையில் விடக்கூடாது.

நான் ஜெலுத்தோங்கில் வாகனக் காப்புறுதி, ரோட்டெக்ஸ் புதுப்பிக்கும் வேலை பார்ப்பவன். என்னிடம் வருகிறவர்களில் ஒவ்வொரு வருஷமும் சிலர், என்றைக்கோ இரும்புக்குப் போட்ட காருக்காகக் கையில் சம்மனோடு வந்து நிற்கிறார்கள். கார் வீட்டு வாசலை விட்டுப் போனதும் கதை முடிந்தது என்று நினைத்தவர்கள் அவர்கள். மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் பதிவேட்டில் அந்த நம்பருக்கு நேராக இருக்கும் பெயர் நீங்கினால்தான் அது முடியும். காரை ஏற்றிப் போவதற்கு லாரிக்காரருக்குக் கால் மணி நேரம் போதும். பெயரை நீக்குவதற்குத்தான் தாள் வேண்டும், பொறுமை வேண்டும்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 13-ஆவது பிரிவுப்படி, வாகனம் கைமாறினால் பதிவில் உள்ள உரிமையாளர் 7 நாளுக்குள் ஜேபிஜேவுக்கு அறிவிக்க வேண்டும். வாங்கியவர் அறிவிப்பார் என்று விற்றவர் சும்மா இருந்துவிட முடியாது. ஓடுகிற காரை விற்கும்போது இது தானாகவே நடந்துவிடுகிறது. வாங்குபவர் காரைப் பி5 என்னும், பெயர் மாற்றத்துக்கான வாகனப் பரிசோதனைக்குக் கொண்டுபோவார், இரண்டு பேரும் பெருவிரல் ரேகை வைத்து உறுதி செய்வார்கள், பெயர் மாறிவிடும். செத்துப்போன காருக்கு இந்த வழி கிடையாது. பிரேக் பிடிக்காத, ஸ்டார்ட் ஆகாத, தரை துருப்பிடித்து ஓட்டை விழுந்த கார் பி5 பரிசோதனையில் தேறாது. தேறாத காருக்குப் பெயர் மாற்றம் இல்லை. ஆகவே இரும்புக்காரர் உங்கள் காரைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளப் போவதில்லை, அவர் நினைத்தாலும் முடியாது. அவர் யார்டில் இருக்கும் கார் எல்லாம் யாரோ ஒருவர் பெயரில்தான் இருக்கும். யாராவது பதிவை ரத்து செய்யும்வரை உங்கள் அப்பாவின் கார் அப்பாவின் பெயரிலேயே இருக்கும்.

இனி கெரான். உங்கள் கையில் அப்பா காலத்து அட்டை இருக்கலாம், அல்லது வாகன உரிமைச் சான்றிதழ் என்று பின்னால் வந்த பெரிய தாள் இருக்கலாம். பழைய காரின் இரும்புக்கு ஒரு விலை, அதன் கெரானுக்கு வேறொரு விலை. கெரான் உள்ள செத்த கார், கெரான் இல்லாததைவிட அதிக விலைக்குப் போகும் என்பது இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். ஓடவே முடியாத காரின் காகிதத்துக்கு ஏன் காசு? திருட்டுக் கார் ஒன்றுக்கு அடையாளம் தேவைப்படுகிறது. அதே மாடல், அதே நிறம். இந்தக் காரிலிருந்து சேசிஸ் எண் அடித்த தகட்டை வெட்டி அந்தக் காரில் ஒட்டினால், உங்கள் அப்பாவின் நம்பர் பிளேட்டோடு இன்னொரு இஸ்வாரா ரோட்டில் ஓடும். இரண்டு காரை வெட்டி ஒட்டி ஒன்றாக்குகிறவர்களும் உண்டு. அந்தக் காரில் யாராவது பெட்ரோல் நிலையத்தில் கொள்ளையடித்தாலோ, யாரையாவது மோதிவிட்டு ஓடினாலோ, போலீஸ் முதலில் கதவைத் தட்டுவது பதிவில் உள்ள முகவரியில்தான். எல்லா இரும்புக்காரரும் இப்படி என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலோர் வியர்வை சிந்திப் பிழைக்கும் ஆட்கள். ஆனால் உங்கள் கெரான் அவர் கையோடு நிற்காது. அடுத்த கை, அதற்கடுத்த கை என்று போகும். அந்தக் கைகளை உங்களுக்குத் தெரியாது.

என் வாடிக்கையாளர் ஒருவர், பட்டர்வொர்த்தில் லாரி ஓட்டுகிறவர். மகள் கல்யாணத்துக்கு முன்னால் வாசலைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று பழைய கஞ்சில் காரை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார். அசல் கெரானையும் கொடுத்துவிட்டார். எந்தத் தாளும் வாங்கவில்லை, அந்த ஆளின் போன் நம்பரைக்கூடக் குறிக்கவில்லை. பிறகு ஜொகூரில் வேகமாக ஓட்டியதாகச் சம்மன் வந்தது. அவர் ஜொகூர் பக்கமே போகாதவர். காரை விற்றுவிட்டேன் என்கிறார், யாரிடம் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. போலீஸ் ரிப்போர்ட், சத்தியப் பிரமாணம், ஜேபிஜே கவுண்டர் என்று வேலையை விட்டு அலைந்தார். ஒரே ஒரு தாளில் வாங்கியவர் பெயரும் ஐசி எண்ணும் தேதியும் இருந்திருந்தால் அலைச்சலில் பாதி மிச்சம்.

ஆக, உங்களுக்கு வேண்டியது பதிவு ரத்து. காரை இனி ரோட்டுக்குக் கொண்டுவரப் போவதில்லை, அழித்துவிட்டோம் என்று ஜேபிஜேவுக்குச் சொல்லி, பதிவேட்டிலிருந்து அந்த வாகனத்தை நிரந்தரமாக எடுப்பது. மலாயில் "லூப்புஸ்" என்று கேட்டாலே கவுண்டரில் புரிந்துகொள்வார்கள். உரிமையாளரின் மைகார்டு (ஐசி), அசல் கெரான், ரத்துக்கான பாரம், கார் அழிக்கப்பட்டதற்கான ஆதாரம், இவைதான் அடிப்படை. ஆதாரமாக எதைக் கேட்பார்கள் என்பது காரின் நிலையைப் பொறுத்தது. காரை இழுத்துப் போகும் முன்பே பினாங்கு பத்து உபானில் உள்ள ஜேபிஜேவில் நேரில் கேட்டுவிடுங்கள். கோலாலம்பூரில் இருப்பவர்கள் வங்சா மாஜுவில் கேட்கலாம். "முதலில் கேட்பது" என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வெட்டிக் கூழாக்கிய பிறகு, சேசிஸ் எண்ணின் படம் எங்கே என்று கேட்டால் நீங்கள் எங்கே போவீர்கள்?

இதில் சுலபமான வழி, அனுமதி பெற்ற வாகன அழிப்பு நிலையம். ஏஏடிஎஃப் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அங்கே காரிலுள்ள எண்ணெய், பேட்டரி, குளிர்சாதன வாயு எல்லாவற்றையும் முறைப்படி எடுத்துவிட்டு, காரை அழித்து, அழிப்புச் சான்றிதழ் தருவார்கள். அந்தச் சான்றிதழை வைத்துப் பதிவை ரத்து செய்யலாம். தெருவில் வரும் லாரிக்காரர் சொல்லும் விலையைவிடச் சில சமயம் குறைவாகக் கிடைக்கும். அந்த வித்தியாசம் உங்கள் பெயருக்கான காப்புறுதிப் பணம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நூறு இருநூறு வெள்ளிக்காக (ரிங்கிட்) உங்கள் அம்மாவின் தூக்கம் கெட வேண்டாம்.

லாரிக்காரரிடம்தான் கொடுப்பது என்று முடிவு செய்தாலும் அதிலும் முறை இருக்கிறது. பழைய பொருள் வாங்கி விற்பவர்களுக்கு 1946-ஆம் ஆண்டு பழம்பொருள் வணிகர் சட்டம் என்று ஒன்று உண்டு. மலாயில் பாராங் லூசோ சட்டம் என்பார்கள். அதன்படி போலீஸ் உரிமம் வேண்டும், என்ன பொருளை யாரிடம் வாங்கினோம் என்று பேரேடும் வைத்திருக்க வேண்டும். ஆகவே அவர் உங்கள் ஐசி விவரத்தைக் கேட்பதே தவறு என்று எண்ணிவிடாதீர்கள். முறையான வியாபாரி கேட்கத்தான் செய்வார். நீங்களும் திருப்பிக் கேளுங்கள்: "அண்ணே, உங்க லைசென்ஸ காட்டுங்க, உங்க ஐசிய நான் ஒரு படம் எடுத்துக்கறேன்." முறையானவர் முகம் சுளிக்கமாட்டார். சுளித்தால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள், லாரி திரும்பிப் போகட்டும்.

ஐசி நகல் கொடுக்கும்போது, படத்தின் மேலேயும் எழுத்தின் மேலேயும் குறுக்காக இரண்டு கோடு இழுத்து, அந்தக் கோடுகளுக்கு நடுவில் "இந்த எண் வாகனத்தை ரத்து செய்வதற்கு மட்டும்" என்று மலாயில் எழுதி, தேதியும் போடுங்கள். வெறும் நகல் கொடுத்தால் அது வேறு எதற்கெல்லாம் பயன்படும் என்று சொல்ல முடியாது.

உங்கள் விஷயத்தில் கூடுதலாக ஒரு முடிச்சு இருக்கிறது. கார் அப்பா பெயரில் இருக்கிறது, அப்பா இல்லை. சட்டப்படி அந்தக் கார், எவ்வளவு துருப்பிடித்திருந்தாலும், அவர் விட்டுச்சென்ற சொத்து. அண்ணன் தம்பி, நீங்கள், அம்மா யாரும் அவரவர் விருப்பத்துக்கு விற்கவோ ரத்து செய்யவோ முடியாது. சொத்தை நிர்வகிக்கும் அதிகாரம் ஒருவருக்கு வர வேண்டும். அவர்தான் ஜேபிஜே கவுண்டரில் கையெழுத்துப் போடுவார். இறப்புச் சான்றிதழை மட்டும் எடுத்துக்கொண்டு போய்த் திரும்பி வந்தவர்கள் நிறையப் பேர்.

அந்த அதிகாரம் எங்கே கிடைக்கும் என்பது அப்பா வேறு என்ன விட்டுச்சென்றார் என்பதைப் பொறுத்தது. உயில் எழுதியிருந்தால் உயர்நீதிமன்றத்தில் புரோபெட், அதாவது உயிலை நிறைவேற்றும் அனுமதி எடுக்க வேண்டும். உயில் இல்லை, ஆனால் வீடோ நிலமோ அவர் பெயரில் இருக்கிறது என்றால், 1955-ஆம் ஆண்டு சிறு சொத்துப் பங்கீட்டுச் சட்டத்தின் கீழ் நில அலுவலகத்தில் மனுச் செய்யலாம். மொத்தச் சொத்து 50 லட்சம் வெள்ளிக்கு மேல் போகாமல் இருந்தால் அங்கேயே முடியும். முன்பு இந்த வரம்பு 20 லட்சமாக இருந்தது, 2024-இல் உயர்ந்தது. நிலமும் வீடும் இல்லை, பேங்குப் பணம், கார் மாதிரி அசையும் சொத்து மட்டும்தான், எல்லாம் சேர்த்து 6 லட்சம் வெள்ளிக்கு உட்பட்டது என்றால் அரசின் அறங்காவல் நிறுவனமான அமானா ராயா வழியாகவே முடித்துவிடலாம், நீதிமன்றம் போக வேண்டியதில்லை.

நம்மவர் வீடுகளில் தவறுவது இங்கேதான். வீட்டுக்காக நில அலுவலகத்தில் மனுக் கொடுக்கும்போது, சொத்துப் பட்டியலில் வீட்டையும் பேங்குக் கணக்கையும் எழுதுகிறார்கள், கீழே நிற்கும் காரை எழுத மறந்துவிடுகிறார்கள். ஒரு காசு பெறாத கார்தானே என்ற எண்ணம். பிறகு வீட்டு விவகாரம் முடிந்து உத்தரவு கையில் வந்தபின், காருக்கு அதைக் காட்டினால் அதில் காரே இல்லை. நீங்கள் இன்னும் அப்பாவின் வீட்டை மாற்றாமல் இருந்தால், தயவுசெய்து காரின் நம்பரையும் அதே மனுவில் சேருங்கள். அப்பாவிடம் மோட்டார் சைக்கிள் இருந்ததா? அதையும் சேருங்கள், அது இப்போது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாவிட்டாலும்.

பங்கு பற்றியும் கேட்பீர்கள். உயில் இல்லாத, முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 1958-ஆம் ஆண்டு பங்கீட்டுச் சட்டம் பொருந்தும். தாத்தா பாட்டி, அதாவது அப்பாவைப் பெற்றவர்கள், இப்போது இல்லை என்றால் அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு. சில நூறு வெள்ளி இரும்புக் காசுக்கு யாரும் சண்டை போடப் போவதில்லை. ஆனாலும் பிள்ளைகள் எல்லாரும் சம்மதம் என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு வைப்பது நல்லது. காரைவிட அந்த நம்பர் மேல் பிரியம் உள்ள அண்ணன் ஒருவர் எல்லா வீட்டிலும் உண்டு.

நம்பர் என்றதும் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் நம்பரை வேறு காருக்கு மாற்றி வைத்துக்கொள்ளும் ஆசை இருந்தால், அதைப் பதிவை ரத்து செய்வதற்கு முன்னால் ஜேபிஜேவில் பேச வேண்டும். ரத்து ஆனபின் கேட்டுப் பயனில்லை. நம்மில் பலருக்கு அது வெறும் எண் இல்லை என்று எனக்குத் தெரியும். பள்ளி வாசலில் தூரத்திலேயே அந்த எண்ணைப் பார்த்து, அப்பா வந்துவிட்டார் என்று ஓடியவர்கள் நாம். அதனால்தான் அவசரப்படாதீர்கள் என்கிறேன்.

செய்யவே கூடாத ஒன்று: அப்பா உயிரோடு இருப்பதுபோல் யாரும் கையெழுத்துப் போடக்கூடாது. "பழைய தேதி போட்டுக்கலாம்" என்று யோசனை சொல்கிற ஏஜெண்டு உண்டு. அது மோசடி. கையெழுத்துப் போட்டவர் நீங்கள், யோசனை சொன்னவர் அன்றைக்கு இருக்கமாட்டார்.

உரிமையாளர் உயிரோடு இருக்கிற வீடுகளுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அவர்கள் பார்க்க வேண்டியது வேறு இரண்டு. ஒன்று, பேங்குக் கடன். கடனில் வாங்கிய காரின் பதிவில் பேங்கின் உரிமைக் கோரிக்கை குறிக்கப்பட்டிருக்கும். கடனைக் கட்டி முடித்த பின்பும் அந்தக் குறிப்பு நீங்காமல் நிற்பது உண்டு, முக்கியமாகப் பழைய கார்களில். அந்தப் பேங்கே வேறு பேங்கோடு இணைந்துபோயிருக்கும். அப்போது இணைந்த பேங்கில் போய்க் கடன் முடிந்த கடிதமும் விடுவிப்பும் கேட்க வேண்டும். இரண்டாவது, சம்மன். ஜேபிஜேவில் கறுப்புப் பட்டியலில் இருக்கும் பெயரில் எந்த வேலையும் நகராது. போலீஸ் சம்மனை மைபாயார் பிடிஆர்எம் செயலியில் பார்க்கலாம், ஜேபிஜே சம்மனை மைஜேபிஜே செயலியில் பார்க்கலாம். மாநகர் மன்றப் பார்க்கிங் அபராதம் தனி.

மைஜேபிஜே என்றதால் எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள். 2023 பிப்ரவரியில் ரோட்டெக்ஸ் செயலிக்குள் வந்து, கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டும் கட்டாயம் தனியார் கார்களுக்குப் போனது. அந்தச் செயலியைத் திறந்து உங்கள் பெயரில் என்னென்ன வாகனம் இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். என்றோ விற்றதாக நினைத்த மோட்டார் அங்கே எட்டிப் பார்த்தால், இப்போதே கவனிக்க இன்னும் நேரம் இருக்கிறது.

மாநகர் மன்ற நோட்டீசுக்கு வருவோம். வழியை அடைத்து நிற்கும் வாகனத்தை இழுத்துச் செல்ல 1974-ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 46-ஆவது பிரிவை மன்றங்கள் பயன்படுத்துகின்றன. அதனால் நோட்டீசை அலட்சியம் செய்யாதீர்கள். "அவங்களே இழுத்துட்டுப் போகட்டும், நமக்கு வேலை மிச்சம்" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். கார் டிப்போவுக்குப் போகும், இழுவைச் செலவும் சேரலாம். ஆனால் கார் அங்கே போனதாலேயே ஜேபிஜே பதிவு நீங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது. நோட்டீசில் உள்ள எண்ணுக்கு அழைத்து, உரிமையாளர் இறந்துவிட்டார், வாரிசு வேலை நடக்கிறது என்று சொல்லி, இறப்புச் சான்றிதழ் நகலோடு ஒரு கடிதம் கொடுத்து அவகாசம் கேளுங்கள். கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்தால் நிலவீடு உள்ள சொந்தக்காரர் ஒருவரின் வாசலுக்குக் காரை லாரியில் ஏற்றி மாற்றிவிடுங்கள். அப்போது அவசரமும் போய்விடும். லாரிக்காரருக்கு உங்கள் அவசரம்தான் பேரம் பேசும் பலம்.

ஊர் முழுக்க இப்படிக் கார்கள் குவிந்து கிடப்பதற்கு மக்களின் சோம்பல் மட்டும் காரணமில்லை என்பது என் எண்ணம். இத்தனை வயதான காரை அழித்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் நம் நாட்டில் இல்லை. 2009-இல் 15 வருஷத்துக்கு மேலான கார்களுக்குக் கட்டாயப் பரிசோதனை என்று அறிவித்தார்கள், எதிர்ப்பு வந்ததும் விட்டுவிட்டார்கள். ஏழைகளை அது நசுக்கியிருக்கும், கைவிட்டது சரிதான். ஆனால் அதற்குப் பதிலாக, காரை விட்டுவிட நினைப்பவருக்கு நேரான, எளிய, வாசலுக்கு வரும் வழி ஒன்றைத் தந்திருக்க வேண்டும். அடுக்குமாடியில் வாழும் வயதான அம்மாக்கள் மூன்று அலுவலகம் ஏற வேண்டியிருப்பது நியாயமில்லை.

இனி, கார் போகும் நாளில் எழுத வேண்டிய தாள். இதைத்தான் நீங்கள் முக்கியமாகக் கேட்டீர்கள். ஒப்படைப்புக் கடிதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மலாயில் எழுதுங்கள், நாளைக்குக் காட்ட வேண்டிய இடம் போலீஸ் நிலையமும் ஜேபிஜேயும். காரின் நம்பர், மாடல், சேசிஸ் எண், எஞ்சின் எண். தேதியோடு மணியும். சம்மன் வந்தால் அந்த மணிக்குப் பிறகு கார் உங்களிடம் இல்லை என்று அது பேசும். வாங்குபவரின் முழுப்பெயர், ஐசி எண், கம்பெனிப் பதிவு எண், முகவரி, போன், இழுத்துச் சென்ற லாரியின் நம்பர். கொடுத்த தொகை எண்ணிலும் எழுத்திலும். இதோடு இரண்டு வாக்கியம் கண்டிப்பாக இருக்க வேண்டும். இந்தக் கார் பிரிப்பதற்கும் அழிப்பதற்கும் மட்டுமே கொடுக்கப்படுகிறது, ரோட்டில் ஓட்டக்கூடாது என்பது ஒன்று. பதிவை ரத்து செய்வது யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்பது இன்னொன்று. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கு ஓர் அசல் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் இன்னும் நல்லது.

காசைக் கையில் வாங்காமல் பேங்குக் கணக்குக்கோ டுயிட்நவ் என்னும் உடனடிப் பணமாற்று வழியாகவோ அனுப்பச் சொல்லுங்கள். அதுவே பேசாத சாட்சி.

அசல் கெரானை லாரி ஓட்டுநரிடம் கொடுக்காதீர்கள், நகல் போதும். அழிப்பு நிலையம் ரத்து வேலைக்காகக் கேட்டால், பெற்றுக்கொண்டோம் என்று நிலையத்தின் முத்திரை உள்ள ரசீது வாங்கிக்கொண்டு கொடுங்கள். கெரான் தொலைந்துபோயிருந்தால் போலீஸ் ரிப்போர்ட் போட்டுவிட்டு ஜேபிஜேவில் ஆரம்பியுங்கள். "கெரான் இல்லாட்டி பரவால்ல, குறைச்சு எடுத்துக்கறேன்" என்பவரிடம் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும்.

படம் எடுப்பதை ஒரு சடங்காகச் செய்யுங்கள். நாலு பக்கமும் நம்பர் பிளேட் தெரிய, பிறகு பானெட்டைத் திறந்து சேசிஸ் எண். இஸ்வாரா மாதிரிப் பழைய கார்களில் எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தகட்டில் அடித்திருக்கும், துணியால் துடைத்தால் தெரியும். எஞ்சின் எண், மீட்டர், காரை லாரியில் ஏற்றும் காட்சி, லாரியின் நம்பர். படம் எடுத்து முடித்தபின் இரண்டு நம்பர் பிளேட்டையும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். பழைய ரோட்டெக்ஸ் ஸ்டிக்கர், அடுக்குமாடி பார்க்கிங் ஸ்டிக்கர், வேலை இடத்து ஸ்டிக்கர் எல்லாவற்றையும் சுரண்டி எடுங்கள். சுங்கச்சாவடிக்கான டச் அண்ட் கோ ஆர்எஃப்ஐடி ஒட்டியிருந்தால் செயலியில் அந்த நம்பரை நீக்குங்கள். சீட்டுக்கு அடியிலும் முன்பெட்டியிலும் பாருங்கள். பழைய காப்புறுதித் தாள், ஐசி நகல், செக் புத்தகம்கூட அங்கே கிடந்து பார்த்திருக்கிறேன். அப்பா வைத்த முருகன் படம் டேஷ்போர்டில் இருந்தால் முதலில் அதை எடுத்து உள்ளே வையுங்கள்.

காப்புறுதி இன்னும் நடப்பில் உள்ள காரை அழிக்கிறவர்களுக்கு, என் தொழிலிலிருந்து ஒரு வார்த்தை. க்ளெயிம் எதுவும் செய்யாதிருந்தால் மீதிக் காலத்துக்கான பிரிமியத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். அதைவிட முக்கியம் என்சிடி, அதாவது க்ளெயிம் செய்யாததற்கான தள்ளுபடி. தனியார் காருக்கு முதல் வருஷம் 25 விழுக்காட்டில் தொடங்கி, ஐந்து வருஷம் க்ளெயிம் இல்லாமல் போனால் 55 விழுக்காடு வரை வரும் அந்தத் தள்ளுபடி காருக்கு உரியதல்ல, உரிமையாளருக்கு உரியது. அடுத்து வாங்கும் காருக்கு அதை மாற்றிக்கொள்ளலாம். பலர் அதையும் காரோடு சேர்த்துப் புதைத்துவிட்டு, புதுக் காருக்கு முழுப் பிரிமியம் கட்டுகிறார்கள். காப்புறுதியை ரத்து செய்வதற்கு முன் உங்கள் ஏஜெண்டிடம் என்சிடியை மாற்றச் சொல்லுங்கள்.

விலை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இஸ்வாரா ஒரு டன்னை ஒட்டிய எடை, கஞ்சில் 700 கிலோவை ஒட்டியது. அன்றைய இரும்பு விலைதான் கணக்கு. ஆனால் பேட்டரிக்குத் தனி விலை உண்டு, அலாய் ரிம்முக்கு உண்டு, பிந்திய மாடல்களில் புகைக்குழாயில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்கு நல்ல விலை உண்டு. பிளாட்டினம், பலேடியம், ரோடியம் உள்ள பொருள் அது. அது இருக்கிறதா, விலையில் சேர்த்தாரா என்று கேளுங்கள். நீங்களாகக் கழற்றி எண்ணெயை அடுக்குமாடி சாக்கடையில் ஊற்றிவிடாதீர்கள். பழைய பேட்டரியும் எஞ்சின் எண்ணெயும் சுற்றுச்சூழல் சட்டத்தில் பட்டியலிட்ட அபாயக் கழிவுகள், எஸ்டபிள்யூ 102, எஸ்டபிள்யூ 305 என்று எண்ணே கொடுத்திருக்கிறார்கள். பிள்ளைகள் விளையாடுவது அந்தச் சாக்கடை ஓரத்தில்தான்.

இன்னொன்று, இது உங்களுக்கு இல்லை, படிக்கும் மற்றவர்களுக்கு. வாசலில் நிற்பது டட்சன் 120ஒய்யோ, பழைய மினியோ, வோக்ஸ்வேகன் வண்டோ என்றால் இரும்புக்குப் போடும் முன் ஆயிரம் முறை யோசியுங்கள். அதைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். பழுது பார்த்து, பி5 எடுத்து, முறையாகத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்பவரிடம் கொடுத்தால் உங்கள் பெயரும் நீங்கும், காரும் வாழும். ரத்து செய்துவிட்டால் அந்தக் காரை மறுபடி பதிவில் ஏற்றுவது பெரும்பாடு.

வேலை முடிந்ததும் ஒரே உறையில் போட்டு வையுங்கள்: ரத்துக் கடிதம், அழிப்புச் சான்றிதழ், ஒப்படைப்புக் கடிதம், பேங்கு ரசீது, கெரானின் இரண்டு பக்க நகல், வாரிசு உத்தரவின் நகல். சிவில் வழக்குகளுக்குப் பொதுவான கால வரம்பு 6 வருஷம் என்பதால் மற்றவற்றை 7 வருஷமாவது வைத்திருங்கள். ரத்துக் கடிதத்தை மட்டும் எப்போதும் வையுங்கள். போனில் இருக்கும் படங்களை உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிவிடுங்கள், போன் தொலைந்தாலும் அவை இருக்கும்.

தங்கச்சி, இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டியது மூன்றுதான். மாநகர் மன்றத்துக்கு அவகாசக் கடிதம் கொடுங்கள். அப்பாவின் சொத்து மனு எந்த நிலையில் இருக்கிறது, அதில் கார் இருக்கிறதா என்று அண்ணனிடம் கேளுங்கள். லாரிக்காரர் திரும்ப வந்தால், உத்தரவு வந்ததும் அழைக்கிறேன் என்று சொல்லி அவர் உரிமத்தின் படத்தை வாங்கி வையுங்கள். மனு இன்னும் போடவில்லை என்றால், இறப்புச் சான்றிதழ், அம்மாவின் திருமணச் சான்றிதழ், பிள்ளைகள் எல்லாருடைய பிறப்புச் சான்றிதழ், கெரான் நகல் ஆகியவற்றைச் சேர்த்து எடுத்துக்கொண்டு, வீடு அப்பா பெயரில் இருந்தால் நில அலுவலகத்துக்கும், இல்லையென்றால் அமானா ராயாவுக்கும் போங்கள். அம்மாவை முதல் நாளே அலைக்கழிக்க வேண்டாம், விவரம் கேட்டு வர நீங்கள் மட்டும் போனால் போதும்.